நாற்பத்தொன்றாவது நிமிடத்துப் பெண்

ஊசியக்கா செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது என்று மூவாயிரம் பேர் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பின்னறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, ஒரு கையில் ஸ்பூனும் மறு கையில் செல்போனுமாக, தான் எப்படிச் செத்தோம் என்று படித்துக்கொண்டிருப்பாள். ஒருவர் கிணறு என்பார், இன்னொருவர் தீ என்பார். போன மாதம் ஒரு புண்ணியவான் லாரி என்று எழுதியிருந்தான். அதைப் படித்தபோது அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. சாகடிப்பதுதான் சாகடிக்கிறார்கள், கொஞ்சம் லட்சணமாகச் செய்யக் கூடாதா?

விஷயம் இதுதான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சின்ன ஊருக்கு ஒரு சினிமாக் குழு வந்தது. குழு என்றால் பதினோரு பேர், ஒரு வேன், ஒரே ஒரு கேமரா. ‘கிழக்குச் சந்து’ என்று ஒரு பேய்ப் படத்தைப் பதினாறே நாளில் எடுத்து முடித்துவிட்டுப் போனார்கள். டைரக்டரின் மச்சான்தான் இன்ஸ்பெக்டர். அதே மச்சான் மீசையை எடுத்துவிட்டால் டாக்டர். ரத்தத்துக்குப் பீட்ரூட் சாறு. பேய் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியின் ஓரத்தில் ஏதோ ஒரு லாட்ஜின் பெயர் நூலால் தைத்திருப்பது நன்றாகவே தெரியும். படம் நாலு நாள் ஓடிற்று. சினிமாவே வேண்டாமப்பா என்று கும்பிடு போட்டுவிட்டு டைரக்டர் குளியலறை டைல்ஸ் விற்கப் போனார்.

பல வருஷம் கழித்து யாரோ ஒரு புண்ணியவதி அதை யூடியூபில் ஏற்றினாள். முதலில் சிரிப்பதற்காகப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுபோன பிறகும் பார்த்தார்கள். ‘சந்துக்காரர்கள்’ என்று தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். எந்தக் காட்சியில் மைக் தலைக்கு மேலே எட்டிப் பார்க்கிறது, எந்தக் காட்சியில் பேய் ரப்பர் செருப்பு போட்டிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இதில் அவர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது நாற்பத்தொன்றாவது நிமிடத்தை. பேய் துரத்தக் கதாநாயகன் சந்தில் ஓடுகிறான். அவன் போன பிறகு, கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண் தோளில் பையோடு குறுக்கே நடந்து போகிறாள். எட்டடி போனதும் நிற்கிறாள். திரும்பி, நேராகக் கேமராவைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கிறாள். போய்விடுகிறாள். மொத்தம் ஐந்து விநாடி. திரும்ப எடுக்கக் கையில் பிலிம் இல்லாததால் டைரக்டர் அதை அப்படியே விட்டுவிட்டார். குரல்களெல்லாம் பிறகு ஸ்டூடியோவில் சேர்த்தவை. அவள் யாரென்றே தெரியாததால் அவளுக்கு யாரும் குரல் கொடுக்கவில்லை. உதடு மட்டும் அசையும்.

அந்த உதட்டசைவை நூறு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சந்துக்காரர்கள் கண்டுபிடித்த வார்த்தை, ‘மூட்டியாச்சா?’ கடைசிக் காட்சியில் கதாநாயகன் பேய் வீட்டுக்குத் தீ வைக்கிறான் அல்லவா, அதைத்தான் அவள் முன்கூட்டியே கேட்கிறாளாம். அதைப் பற்றிப் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை உண்டு. பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். ஒரு பேட்டியில் டைரக்டர், “அப்படி ஒரு பொம்பளை ஷூட்டிங்குக்கு வந்த ஞாபகமே இல்லையே” என்று சொல்லிவைத்தார். போதாதா? நடிகை இல்லை, உயிரோடிருக்கிற ஊர்க்காரியும் இல்லை, அப்போதே செத்துப்போன யாரோ ஒருத்தியின் நிஜப் பேயேதான் என்று முடிவாகிவிட்டது.

ஊசியக்கா கேட்டது, ‘பூட்டியாச்சா?’

‘பூ’வுக்கும் ‘மூ’வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். சத்தம் இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட மேதாவிக்கும் அதைப் பிரிக்க முடியாது. அன்றைக்கு அவளுக்கு முப்பத்தினாலு வயது. அவள் புருஷன் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுக்கிறவன். அவர்கள் வீட்டுப் பூட்டு கொஞ்சம் மக்கர்; சாவியை லேசாகத் தூக்கிப் பிடித்துத் திருக வேண்டும், அந்தப் பக்குவம் அவன் கைக்குத்தான் வரும். அவன் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவள் எட்டடி முன்னால் போய்த் திரும்பி, “பூட்டியாச்சா?” என்பாள். “ஆச்சு, நட” என்பான். ஒன்பது வருஷம் தினமும் இதே பேச்சு. பிறகு மூன்றே நாள் காய்ச்சலில் அவன் போய்விட்டான்.

அவன் போய் ஐந்து மாதம் கழித்து ஒரு காலை, அவளே எப்படியோ பூட்டைப் பூட்டிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் தெருவில் இறங்கினாள். ஆட்கள் கும்பலாக நிற்பதைக்கூட அவள் சரியாகக் கவனிக்கவில்லை. எட்டடி போனதும் கால் தானாக நின்றது. வாய் தானாகக் கேட்டது. அவன் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கேமரா நின்றுகொண்டிருந்தது.

இதனால்தான் அவள் இத்தனை வருஷமும் மூச்சு விடவில்லை. அது நான்தான் என்று சொன்னால் அடுத்த கேள்வி, யாரைக் கேட்டீர்கள் என்பதாகத்தானே இருக்கும்? இல்லாத ஆளை நடுத்தெருவில் நின்று கேட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அதற்குப் பேயாக இருப்பதே கௌரவம் என்று இருந்துவிட்டாள்.

ஆனால் போன சில மாதங்களாக அந்தக் கௌரவம் கசக்க ஆரம்பித்திருந்தது. அவள் தொழில் அப்படி. தினமும் நாற்பது பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறாள். நாற்பது பேரும் கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து போவார்கள். பிள்ளைகுட்டி கிடையாது. வெளியூர்த் தங்கை மாதம் ஒரு தடவை போன் செய்து தன் மூட்டுவலியைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். ஒரு திங்கட்கிழமை காலை, “கையை மடக்குங்க” என்று சொல்லப்போன ஊசியக்காவுக்குக் குரல் கரகரத்து வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது. உயிரோடுதான் இருக்கிறாள் என்று ஒரே ஒரு ஆளுக்காவது தெரிந்தால் போதும் என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்துச் சந்துக்காரர்கள், படம் எடுத்த ஊரிலேயே, ஊர்த் தியேட்டரிலேயே, ஞாயிறு மத்தியானம் படத்தைப் போடப் போவதாக அறிவித்தார்கள். ஊசியக்கா கண்ணாடி முன்னால் நின்று “அது நான்தான்” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாலு விதமாகச் சொல்லிப் பார்த்ததில் ஒன்றுகூட நம்புகிற மாதிரி இல்லை. நரைத்த கிராப்பும் தடித்த கண்ணாடியுமாக இருக்கிற இந்த முகத்தை அந்த நீளப் பின்னல்காரி என்று யார்தான் நம்புவார்கள்? இருந்தாலும் போனாள்.

எண்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் மார்பில் அவள் முகம் இருந்தது. பக்கத்து இருக்கையில், மடியில் பெரிய பையை அணைத்துக்கொண்டு ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். பஸ் டிப்போவில் டைம்கீப்பராம். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் தனியாக வந்தாளாம். அவளே சொன்னாள். வண்டிகள் எத்தனை மணிக்கு உள்ளே வருகின்றன, எத்தனை மணிக்கு வெளியே போகின்றன என்று எழுதுவது வேலை. தான் மட்டும் எங்கும் போவதில்லை என்று சொல்லிச் சிரித்தாள். ஊசியக்காவும் மரியாதைக்குச் சிரித்துவைத்தாள்.

படம் ஆரம்பித்தது. வசனத்தை நடிகர்களுக்கு முன்னாலேயே அரங்கம் சொன்னது. மைக் எட்டிப் பார்த்தபோது எல்லோரும் அதற்குக் கை ஆட்டினார்கள். இன்ஸ்பெக்டரே டாக்டராக வந்தபோது, “மீசை எங்கே மச்சான்?” என்று விசாரித்தார்கள். ஊசியக்காவே இரண்டு தடவை வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நாற்பதாவது நிமிடம் ஆனதும் அரங்கம் கப்சிப். ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். வேறு வழியில்லாமல் அவளும் எழுந்தாள். திரையில் அந்தப் பெண் நடந்தாள், நின்றாள், திரும்பினாள். எண்பது குரல்கள் சேர்ந்து கேட்டன: “மூட்டியாச்சா?”

ஆனால் பக்கத்திலிருந்த டைம்கீப்பர், யாருக்கும் கேட்காத குரலில், “பூட்டியாச்சா?” என்றாள்.

ஊசியக்காவின் கை தானாக முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டது. காது ஏமாற்றுகிறதோ என்று பார்த்தாள். இல்லை. அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

படம் முடிந்து விளக்கு போட்டார்கள். தாடி வைத்த ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்த ஊர்க்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா, அந்தப் பெண்ணைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்டான். இதற்காகத்தானே வந்தாள்? ஊசியக்கா கையைத் தூக்கினாள், தோள் வரைக்கும். அதற்குள் தியேட்டர் மேனேஜர் மேடையேறி மைக்கை வாங்கிக்கொண்டார். அந்தப் பெண்ணைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்றார். பாவம், நல்ல பெண், படம் எடுத்த அதே வருஷம் கிணற்றில் விழுந்துவிட்டாள், தூக்கியபோது தான்கூட ஒரு கை பிடித்ததாகச் சொன்னார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டிற்று. மாதம் தவறாமல் சர்க்கரை பார்க்க வருகிறவர் அவர். ஊசி என்றால் அவருக்கு உயிர்பயம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிடுவார். தன்னை இத்தனை நாளாகக் குத்தியவளை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தோள் வரை வந்த கை இறங்கிவிட்டது.

பஸ் நிலையத்தில் டைம்கீப்பர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஊசியக்கா பின்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேராகவே கேட்டுவிட்டாள்.

“எல்லாரும் மூட்டியாச்சான்னு சொல்றப்போ, நீங்க ஏன் வேற சொன்னீங்க?”

டைம்கீப்பர் பிடிபட்ட மாதிரி விழித்தாள். “காதுல விழுந்துடுச்சா? சண்டைக்கு வந்துடாதீங்கக்கா. எனக்கு அப்படித்தான் தெரியுது. தீ வைக்கச் சொல்ற மூஞ்சியா அது? வேலைக்குக் கிளம்புற மூஞ்சி. வீட்டைப் பூட்டியாச்சான்னுதான் கேக்கும்.” இதைச் சந்துக்காரர்களின் வாட்ஸப் குழுவில் எழுதியபோது எல்லோரும் கலாய்த்துத் தள்ளிவிட்டார்களாம். அதிலிருந்து தனக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறாளாம்.

பிறகு கேட்காமலே மேலும் சொன்னாள். பெரிய படங்களில் பேய்க்கு நாற்பது அறை பங்களா கொடுத்துவிடுகிறார்கள், அதைப் பார்த்து அவளுக்கு என்ன பயம் வரும்? இதில் பேய் வருகிற வீட்டில் மூலையில் கேஸ் சிலிண்டர், கொடியில் துண்டு, ஒழுகுகிற குழாய். அப்படியே அவளுடைய வாடகை அறைதானாம்.

“பேயோ எதுவோ, நம்ம மாதிரி வீட்டைத் தேடியும் ஒன்னு வருதேன்னு இருக்கும். அதுக்கு நடுவுல அந்தம்மா திரும்பி நேரா என்னைப் பாத்துக் கேக்கறாங்க. வேற எந்தப் படத்துலயும் யாரும் என்னைப் பாக்கறதில்லக்கா.”

“அது நான்தான்” என்றாள் ஊசியக்கா. கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த நாலு விதத்திலும் சேராத ஐந்தாவது விதமாக அது வந்தது.

டைம்கீப்பர் அவளையே உற்றுப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தாள். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. பிறகு, பதினெட்டு வருஷமாக ஊசியக்கா பயந்துகொண்டிருந்த அதே கேள்வி வந்தது.

“யாரைக்கா கேட்டீங்க?”

“என் வீட்டுக்காரரை. அவர் அப்போ இல்ல. போய்ச் சேந்து அஞ்சு மாசம் ஆயிருந்துச்சு.”

சொன்ன பிறகு வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. டைம்கீப்பர் சிரிக்கவில்லை, ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை.

“அப்போ பூட்டினது?”

“நான்தான்.”

“பூட்டியாச்சுன்னு தெரியும், இல்ல?”

“தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன்” என்றாள் ஊசியக்கா. இதுவரை தனக்கே சொல்லிக்கொள்ளாத விஷயம் அது. வாய் தவறி வந்ததென்றுதான் இத்தனை வருஷமும் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள், தேவைக்கு மேல் ரொம்ப நேரம் துடைத்தாள்.

குழுவில் போட்டுவிடட்டுமா என்று டைம்கீப்பர் கேட்டாள். வேண்டாம் என்றாள் ஊசியக்கா. அந்த எண்பது பேருக்கும் செத்தவளைத்தான் பிடித்திருக்கிறது, அதை ஏன் கெடுக்க வேண்டும்? ஆறு மணி பஸ் வந்து நின்றது. தொழில் புத்தியில் டைம்கீப்பர் கடிகாரத்தைப் பார்த்து நாலு நிமிஷம் லேட் என்று முணுமுணுத்தாள். ஊசியக்காவின் போனை வாங்கி அதில் தன் நம்பரைப் போட்டுக்கொடுத்தாள். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டினாள்.

“அக்கா, வீட்டுக்குப் போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணுங்க.”

ஐந்து மணி நேரப் பயணம் போகிறவள், பத்து நிமிஷ நடையில் வீடு இருக்கிறவளிடம் சொன்னாள். தப்பாகச் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றின மாதிரியே இல்லை. பஸ் கிளம்பிவிட்டது.

ஊசியக்கா நடந்தாள். போய்ச் சேர்ந்ததைச் சொல்ல அவளுக்கு ஆள் இருந்து எத்தனையோ வருஷமாகிறது. பத்து நிமிஷ நடை அன்று ஒரு பயணமாகவே பட்டது. தன் தெருவுக்குத் திரும்பி, வீட்டு வாசலில் நின்று போன் போட்டாள். எதிர்முனையில் பஸ்ஸின் இரைச்சல்.

“யாரு? சத்தமே கேக்கல, யாரு?”

“நான்தான்மா. வீட்டுக்கு வந்து சேந்துட்டேன்.”

“என்னது? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

எதிர்வீட்டுக்காரர் கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தார். மேல்மாடியில் யாரோ ஜன்னலைச் சாத்தப்போய் நின்றார்கள். ஊசியக்கா அவர்களைப் பார்த்தாள். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னாள்:

“வந்து சேந்துட்டேன்!”