பச்சைப் புள்ளியும் முப்பது பேரும்

செவ்வாய், 10 ஜூன் 2025.

இன்று செய்த தவறு: எஸ்.எம்.எஸ். சேவை நின்றுவிட்டது என்று காலையில் அறிவித்தேன். அது நிற்கவில்லை. நம் டெஸ்ட் போனுக்கு ரீசார்ஜ் முடிந்து நாளாகியிருந்தது, இன்கமிங்கையும் நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் அதில் மெசேஜ் விழவில்லை. நவநீதன் சார் மூன்று ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை.

டைரியில் இவ்வளவு எழுதிவிட்டு, ‘தேவலை’ என்ற சொல்லை அடிக்கலாமா என்று ஜெஸிமா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு விட்டுவிட்டாள். ஸ்ரீரங்கத்தில் அவள் படிக்கும் மாலைநேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் இந்த டைரி ஒரு கட்டாயம். அன்றன்று பார்த்த வேலையை எழுத வேண்டும், தவறை முதல் வரியில் எழுத வேண்டும். வகுப்பில் மற்றவர்களுக்குத் தவறு தேடுவதே பெரிய பாடு. ஜெஸிமாவுக்கு எதை விடுவது என்பதுதான் பாடு.

பகலில் அவள் தில்லை நகரில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தாள். ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு ஆன்லைன் டோக்கன் போட்டுக் கொடுக்கும் கம்பெனி. சொந்தமாக அதற்கு நாலு கம்ப்யூட்டரும் ஒரு காபி மிஷினும்தான். மெசேஜ் அனுப்ப ஒருவர், பணம் வாங்க ஒருவர், வீடியோவில் டாக்டரைப் பார்க்க ஒருவர், ரிப்போர்ட்டுகளைச் சேமிக்க ஒருவர் என்று எல்லாமே எங்கோ இருக்கும் பெரிய கம்பெனிகளின் கிளவுட் சேவைகள். அந்த நாலு பேரும் ஆளுக்கொரு நிலவரப் பக்கம் வைத்திருந்தார்கள். சேவை நன்றாக ஓடினால் பக்கத்தில் பச்சைப் புள்ளி. தகராறு என்றால் மஞ்சள், படுத்துவிட்டால் சிவப்பு. அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதும், பராமரிப்புக்காக எவன் எப்போது கடையைச் சாத்தப் போகிறான் என்று முன்கூட்டியே ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்வதும்தான் ஜெஸிமாவின் வேலை.

மறுநாள் புதன்கிழமை. தில்லை நகரிலேயே இருந்த ஒரு டயாலிசிஸ் சென்டரிலிருந்து வேணி கூப்பிட்டாள். அங்கே வரவேற்பு மேஜையிலிருந்து ஷிப்டு போடுவது வரை எல்லாம் அவள்தான்.

“ஜெஸி, நாளைக்கு மத்தியானம் எங்க தண்ணி பிளான்ட்டை சர்வீஸ் பண்றாங்க. தண்ணி இல்லாம மெஷின் ஓடாது. மத்தியான ஷிப்டு ஆளுங்க முப்பது பேரும் காலைல ஆறு மணிக்கு எடமலைப்பட்டி புதூர் கிளைக்கு வரணும். மெசேஜ் போட்டுடு.”

“போட்டுடறேங்க்கா. வராதவங்களுக்கு?”

“அடுத்தது சனிக்கிழமைதான். நடுவுல ஒரு மெஷினும் காலி இல்ல. ஆனா அதெல்லாம் பேசாத, எல்லாரும் வரணும். காத்தமுத்துன்னு லால்குடிக்காரர் ஒருத்தர் இருக்கார். சித்திரையில ஒரு தடவை விட்டுட்டாரு. நெஞ்சுல தண்ணி கட்டி, மூச்சு வாங்கிக்கிட்டு ஆம்புலன்ஸ்ல கொண்டாந்தாங்க. அவரைப் பொழைக்க வச்சதே பெரும்பாடு.”

சாயங்காலம் மெசேஜ்கள் போயின. முப்பதுக்கும் சேவைக் கம்பெனியிடமிருந்து ‘ஏற்கப்பட்டது’ என்று வந்தது. ஜெஸிமாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கூட்டமாக மெசேஜ் அனுப்பினால், அதில் ஒருவரைக் கூப்பிட்டு வந்ததா என்று கேட்டுவிடுவாள். நவநீதன் அதைப் பார்த்துச் சிரிப்பான். “தபாலைப் போட்டுட்டு தபால்காரன் பின்னாடியே ஓடற ஆளு நீ” என்பான். கம்பெனி அவனுடையது. வயது முப்பத்தைந்துகூட இருக்காது, அதற்குள் முன்தலை காலி.

அன்று அவள் கூப்பிட்டது உறையூர் மகாலட்சுமியை.

“மெசேஜா? ஒண்ணும் வரலியேம்மா.”

“ஒரு தடவை பாருங்களேன்.”

“போனைக் கையில வச்சுக்கிட்டுத்தானே பேசறேன். பேங்க்ல லோன் வேணுமான்னு ஒண்ணு, நகைக்கடை ஆடித் தள்ளுபடி ஒண்ணு. ஆனி பொறக்கல, அதுக்குள்ள ஆடி வந்துடுச்சு. உங்களது இல்ல.”

ஜெஸிமா விஷயத்தை வாயாலேயே சொல்லி வைத்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டாள். அவருக்கு வந்திருந்தது. டெஸ்ட் போனிலும் வந்திருந்தது. நிலவரப் பக்கத்தில் பச்சை பளபளத்தது. சேவைக் கம்பெனிக்குப் புகார் எழுதினாள். ‘அனைத்தும் சீராக இயங்குகின்றன’ என்று கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது, மனிதர் யாரும் எழுதாத பதில்.

“சார், ஒருத்தருக்கு வரல.”

நவநீதன் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தான். “ஒருத்தருக்குத்தானே. டவர் கிடைச்சிருக்காது. பக்கம் பச்சையாத்தான் இருக்கு, பாரு. கிளம்பு, உனக்குக் கிளாஸ் இருக்குல்ல?”

நேற்று அவ்வளவு உறுதியாகச் சொல்லி அசடு வழிந்தவள் இன்று என்ன வாய் திறக்க முடியும்? லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் பிதுங்கி வழிந்தது. காவேரிப் பாலத்தில் காற்று முகத்தில் அறைந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் போனைத் திறந்து பார்த்தாள். பச்சை. அம்மா மண்டபம் திரும்பும்போது இன்னொரு முறை. அப்போதும் பச்சை. அந்தப் பச்சை அவளுக்குத் தைரியம் தர வேண்டியது. அன்று அது எரிச்சலைத்தான் தந்தது.

வகுப்பு, ராஜகோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடி. பாடம் எடுக்கும் மேடம் இன்னும் வரவில்லை. பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லார் கையிலும் போன். அந்தப் போன்களைப் பார்த்ததும்தான் ஜெஸிமாவுக்குப் பொறி தட்டியது. ஆபீசில் இருப்பது ஒரே டெஸ்ட் போன், ஒரே நெட்வொர்க். இங்கே ஊரில் ஓடும் அத்தனை நெட்வொர்க்கும் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கிறது.

எழுந்து நின்றாள். வகுப்பில் அவளாக எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை.

“எல்லாரும் உங்க நம்பரும் நெட்வொர்க் பேரும் சொல்லுங்க. ஒரு டெஸ்ட் மெசேஜ் அனுப்பணும்.”

பின் பெஞ்சிலிருந்து அனீஸ் குரல் கொடுத்தான். “நாங்க ரீசார்ஜ் பண்ணியிருக்கோமான்னு முதல்ல கேட்டுக்க.”

வகுப்பே சிரித்தது. அந்தக் கதையை நேற்று வகுப்பில் அவள்தான் டைரியிலிருந்து வாசித்துக் காட்டியிருந்தாள்.

“உன் நம்பர்தான் முதல்ல, சொல்லு” என்றாள் ஜெஸிமா.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஆஸ்பத்திரி மெசேஜில் இஷ்டத்துக்கு எழுத முடியாது. முன்கூட்டியே பதிவு செய்த வாசகம் எதுவோ அதுதான் போகும். ஆகவே அனுப்பு பட்டனை அழுத்தியதும் அறையில் போன்கள் ஒவ்வொன்றாகச் சிணுங்கின. ‘அன்புள்ள நோயாளிக்கு, தங்கள் டயாலிசிஸ் நேரம் மாற்றப்பட்டுள்ளது’ என்று ஆளாளுக்குச் செய்தி வந்து விழுந்தது.

“யா அல்லாஹ், நேத்துத்தானே ரெண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டேன், அதுக்குள்ளயா?” என்றான் அனீஸ்.

முன் பெஞ்சு கனிஷ்காவுக்கு மட்டும் வேறு விதமாய் வந்தது. அவள் கொடுத்த நம்பர் உள்ள சிம் அம்மாவின் போனில் இருந்தது. வீட்டிலிருந்து அம்மா கூப்பிட்டுவிட்டாள். “கனி, எந்த ஆஸ்பத்திரிடி? எங்கிட்ட ஏண்டி மறைச்ச?” என்று அழும் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்டது. கனிஷ்கா ஜெஸிமாவைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டே, “அம்மா, இது பரீட்சைம்மா, நிஜமில்ல” என்று சமாதானம் செய்தாள்.

சிரிப்பு அடங்கியபோது நாலு பேர் மட்டும் போனைப் பார்த்தபடி சும்மா இருந்தார்கள். அவர்களுக்கு வரவில்லை. நாலு பேரும் ஒரே நெட்வொர்க். அந்த நெட்வொர்க்கில் இருந்த ஒருவருக்கும் வரவில்லை, மற்ற நெட்வொர்க்கில் இருந்த ஒருவருக்கும் வராமலில்லை. ஜெஸிமா திரும்ப ஒரு தடவை அனுப்பினாள். அதே கதை. லேப்டாப்பிலோ நாலுக்கும் ‘ஏற்கப்பட்டது’. நிலவரப் பக்கம் பச்சை.

மாடிப்படிக்கு வந்து நவநீதனைக் கூப்பிட்டாள். ஒரே மூச்சில் சொன்னாள்.

“இதுல ஒரு சிக்கல் இருக்கு ஜெஸிமா” என்றான் அவன். “நேத்தைய கூத்துக்கப்புறம் அந்த டயாலிசிஸ் சென்டர் மேனேஜர் என்ன சொல்லியிருக்கார் தெரியுமா? சேவை நின்னுபோச்சுன்னு நாம எழுத்துல கொடுத்தாத்தான் அவங்க ஆளை விட்டுப் போன் பண்ணச் சொல்வாராம். சும்மா பதற வைக்காதீங்கன்னுட்டார். சேவை கொடுக்கிறவனே நல்லாருக்குங்கிறான். நாம நின்னுபோச்சுன்னு எழுதறோம். ரெண்டாவது நாளும் தப்பாப் போச்சுன்னா அந்த சென்டரை மறந்துட வேண்டியதுதான்.”

“புரியுது சார்.”

“அப்ப நீ சொல்லு. ‘இருக்கலாம்’, ‘போல இருக்கு’ இதெல்லாம் வேணாம். நின்னுபோச்சா, இல்லையா?”

கீழே செருப்புக் கடைக்காரர் யாருக்கோ எட்டாம் நம்பர் எடுத்துக்கொண்டிருந்தார். ஜெஸிமாவின் மனசு வழக்கம்போல ஓட்டை தேட ஆரம்பித்தது. நாலு பேர் போதுமா? லேப்டாப்பில் ஏதாவது விட்டுவிட்டேனா? தேடிப் பார்த்தாள். இந்தத் தடவை ஓட்டை இல்லை. நேற்று ஒரே போனை நம்பினாள். இன்று அறை முழுக்க சாட்சி.

“நின்னுபோச்சு சார். ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும். அந்த நெட்வொர்க்ல இருக்கிற யாருக்கும் நாளைக்குக் காலைல வரணும்னு தெரியாது. என் பேரைப் போட்டே எழுதுங்க.”

“உன் பேரை எதுக்குப் போடணும்? கம்பெனி பேர்ல போகும்” என்றான் நவநீதன். கடிதம் அடுத்த நிமிஷம் போய்விட்டது.

வேணி உடனே கூப்பிட்டாள். “என்னடி, நேத்து மாதிரியா?”

“இல்லக்கா. இன்னிக்கு நிஜம்.”

“சரி. யார் யார் அந்த நெட்வொர்க்?”

“நம்பரைப் பார்த்துச் சொல்ல முடியாதுக்கா. பாதிப் பேர் நம்பரை மாத்தாம கம்பெனியை மாத்தியிருப்பாங்க. எல்லார்கிட்டயும் பேசிடணும்.”

“இங்க மெஷின்ல பன்னெண்டு பேரு படுத்திருக்காங்க, தெரியும்ல? பாதி நீ பேசு, பாதி நான் பேசறேன்.”

உள்ளே பாடம் ஆரம்பித்துவிட்டது. ஜெஸிமா படியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். சிலருக்கு மெசேஜ் வந்திருந்தது. “அதான் வந்துடுச்சே, வேற வேலை இல்லையா?” என்று ஒருவர் கடித்தார். வராதவர்கள், “நல்லவேளை தாயி” என்றார்கள். ஒரு அம்மாவுக்குப் புதூர் கிளைக்கு எந்த பஸ் என்று தெரியவில்லை. ஜெஸிமா வீடே புதூரில்தான். எங்கே இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள்.

கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சினார். காத்தமுத்து. போன் ஸ்விட்ச் ஆஃப்.

“சாப்பிட்டதும் அணைச்சுப் போட்டுடுவாருடி” என்றாள் வேணி. அவள் குரல் இறங்கியிருந்தது. “நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு டிபன் பையோட இங்க வந்து நிப்பாரு. நான் என்ன பதில் சொல்லுவேன்? சனிக்கிழமை வரைக்கும் அந்த மனுஷன் தாங்க மாட்டாரு.”

“வேற நம்பர் இல்லையாக்கா?”

“ஒண்ணுதான் கொடுத்திருக்காரு.”

“லால்குடியிலேர்ந்து வேற யாராவது வராங்களா?”

வேணிக்குச் சட்டென்று நினைவு வந்தது. “பரக்கத் அலி! ரெண்டு பேரும் ஒரே பஸ்லதானே வருவாங்க. இந்தாளு ஜன்னல் சீட்டைப் பிடிச்சா அந்தாளு ரெண்டு நாள் பேச மாட்டாரு.”

பரக்கத் அலியிடம் ஜெஸிமா ஏற்கெனவே பேசியிருந்தாள். மறுபடி கூப்பிட்டாள்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மாமா, திரும்பவும் நான்தான்.”

“வஅலைக்கும் ஸலாம். என்ன மகளே, நேரத்தை மறுபடி மாத்திட்டீங்களா?”

“இல்ல மாமா. காத்தமுத்து ஐயாவுக்கு விஷயம் தெரியாது. போன் ஆஃப்ல இருக்கு. அவர் வீடு உங்களுக்குத் தெரியுமா?”

“ரெண்டு தெரு தள்ளி. சொல்லாம விட்டா நாளைக்கு ஜன்னல் சீட்டு எனக்குத்தான்” என்று சிரித்தார். பிறகு, “போனை வை, வண்டியை எடுக்கிறேன்” என்றார்.

காத்திருந்த நேரத்தில் ஜெஸிமா பழக்க தோஷத்தில் நிலவரப் பக்கத்தைத் திறந்தாள். புள்ளி மஞ்சளாகியிருந்தது. ‘ஒரு நெட்வொர்க்கில் செய்திகள் சென்றடையவில்லை, ஆராய்ந்து வருகிறோம்.’ நவநீதனிடமிருந்து அதே பக்கத்தின் படம் வந்தது. கீழே, ‘அவனுக்கு முன்னாடி நாம’ என்று எழுதியிருந்தான். அதைப் படிக்கும்போதே பரக்கத் அலியின் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது வேறு குரல்.

“காத்தமுத்து பேசறேம்மா. காலைல ஆறு மணி, புதூர். சரிதானே?”

“சரிதாங்க ஐயா.”

“இந்த பாய் சொன்னா நான் நம்ப மாட்டேன். அதான் உன்கிட்டயே கேட்டுக்கிட்டேன்.”

பின்னால் பரக்கத் அலி ஏதோ கத்துவதும், இருவரும் சிரிப்பதும் கேட்டது. ஜெஸிமா வேணிக்குத் தகவல் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாடம் பாதி முடிந்திருந்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து டைரியைத் திறந்தாள்.

புதன், 11 ஜூன் 2025.

இன்று செய்த தவறு: உறையூர் அம்மா சொன்னபோதே ஆபீசில் உட்கார்ந்து இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். பஸ் ஏறிவிட்டேன். மற்றபடி, சேவை நின்றது என்று அறிவித்தேன். நின்றுதான் இருந்தது.

நாளை: காலை ஆறு மணிக்குப் புதூர் கிளைக்குப் போக வேண்டும். முப்பது பேரிடமும் வீட்டில் இன்னொருவர் நம்பரைக் கேட்டு வாங்க வேண்டும். காத்தமுத்து ஐயாவிடம் முதலில்.