முதலாளி கடித்த மாமியார் நாக்கு

முதலாளிக்கு வாந்தி. முதலாளி என்பது பூனை. மாமியார் தன் வீட்டைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டோடு வந்து சேர்ந்தபோது, ஒரு பெட்டியும் இந்தப் பூனையும்தான் கூட வந்தன. வந்த சூட்டிலேயே சோபாவும் மகனின் தலையணையும் முதலாளி பெயருக்கு மாறிவிட்டன.

மருமகளுக்கு அதில் துளிகூட வருத்தமில்லை. புருஷன் வாய்க்குப் பூட்டுப் போட்ட ரகம். மாமியாரோ ஓய்வு பெறும்வரை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவர் வந்த பிறகுதான் அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கேட்டது. அவரை இனி எங்கேயும் விடுவதில்லை என்று மருமகள் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

பூனை கடித்து வைத்தது ஜன்னலோரச் செடியை. இலைகள் கத்தி கத்தியாக நீட்டிக்கொண்டு நிற்கும். மாமியார் நாக்கு என்று சொல்லித்தான் நர்சரியில் விற்றார்கள். மருமகள் சமையலறையில் நின்றபடி கால்நடை டாக்டருக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், மாமியார் நாக்குல விஷம் இருக்காமே, நிஜமா?"

பூனைக்கும் ஆகாது, நாய்க்கும் ஆகாது, ஆனால் பதற வேண்டாம், மறுபடி வாந்தி எடுத்தால் தூக்கி வாருங்கள் என்றார் டாக்டர்.

"ஐயோ, பார்த்தா அப்படித் தெரியலையே! மூலையில விட்டா அது பாட்டுக்குக் கிடக்கும், எப்பவாவது தண்ணி காட்டினா போதும்னு நினைச்சேன். சரி டாக்டர், இன்னிக்கே வெளிய தூக்கிடறேன். பக்கத்து வீட்டுல ரொம்ப நாளா கேக்கறாங்க, அவங்களே வெச்சுக்கட்டும்."

பேசி முடித்து, பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு ஹாலுக்கு வந்தால், ஒரு கையில் பெட்டியும் மறு கையில் முதலாளியுமாக மாமியார் வாசலில் நிற்கிறார். கண் கலங்கியிருந்தது.

"நீ ஒண்ணும் தூக்க வேணாம்மா, இடுப்பு பிடிச்சுக்கும். பக்கத்து வீட்டுக்கு நானே நடந்து போயிடறேன்."

மருமகளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. ஓடியதும் சிரிப்பு வந்து தொலைத்தது. அது வேளை கெட்ட வேளையில்தான் வரும். மாமியார் செருப்பில் காலை நுழைத்துவிட்டார். மருமகள் ஓடிப்போய்த் தொட்டியைக் கட்டித் தூக்கிவந்து கதவை மறித்தாள்.

"அத்தை, இதுதான் மாமியார் நாக்கு! செடி! இதோட பேரே அதுதான்! நீங்க போயிட்டா நான் சுவத்தோடதான் பேசணும். போகாதீங்க அத்தை."

மாமியார் செடியை மேலும் கீழும் பார்த்தார்.

"எவ வெச்ச பேரு?"

"சத்தியமா நான் இல்ல."

"உன்னை மாதிரி ஒருத்திதான் வெச்சிருப்பா," என்றார். ஆனால் பெட்டியைக் கீழே வைத்தார்.

சாயங்காலம் இருவருமாக நர்சரிக்குப் போய், பூனை இருக்கிற வீட்டுக்கு ஆபத்தில்லாத செடி கேட்டார்கள். நர்சரிக்காரர் ஒரு ஸ்பைடர் பிளான்ட்டை எடுத்து வைத்தார். நீள நீளமான இலைகள் நாலா பக்கமும் சிலுப்பிக்கொண்டு நின்றன.

"இதைத் தைரியமா வாங்கிட்டுப் போங்கம்மா. பூனை மென்னாலும் பயமில்ல."

மாமியார் செடியைப் பார்த்தார். திரும்பி மருமகளின் தலையைப் பார்த்தார்.

"இதுக்கு மருமக முடின்னு பேர் எழுதி வைங்க," என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி. "சீப்பையே கண்டதில்ல. ஆனா விஷம் கிடையாது."