ஒரு வருஷமும் எட்டு நாளும்

எங்கள் மகள் பானுவின் நினைவு நாள் வருஷத்துக்கு வருஷம் எட்டு நாள் தள்ளிப் போகும். ஊரில் எல்லோரும் டிசம்பர் இருபத்தாறில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். எங்கள் வீட்டில் அது ஜனவரிக்கு நகர்ந்து, பிப்ரவரிக்கு நகர்ந்து, இருபதாவது முறை மே முப்பதில் வந்து நின்றது. கடல் பொங்குகிற மாதம். என் வீட்டுக்காரர் முருகையாவின் கணக்கு அப்படி.

அவர் நிக்கோபாரில் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவர். சுனாமி வந்த அன்று பானு அவர் கையில்தான் இருந்தாள். ஆறு வயது. ஒரு செகண்ட்தான் பிடி நழுவியது என்று அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நிவாரண முகாமில் இருந்தபோது யாரோ ஒரு பத்திரிகையைப் படித்துக் காட்டினார்கள். அந்த நிலநடுக்கத்தில் ஒவ்வொரு நாளும் 2.68 மைக்ரோ செகண்ட் சுருங்கிவிட்டதாக விஞ்ஞானிகள் கணக்குப் போட்டிருந்தார்களாம். மனுஷன் அதைப் பிடித்துக்கொண்டார். சுருங்குவதையெல்லாம் பூமி அவருக்குத்தான் திருப்பித் தருகிறதாம். அது 373 நாளில் ஒரு முழு செகண்டாகச் சேருமாம். சேர்கிற நாளில் கப்பலேறிக் கச்சால் போய், அந்தக் கரையில் வலது கையை விரித்துக்கொண்டு ஒரு செகண்ட் நிற்பார். அந்த ஒரு செகண்டுக்குப் போக வர நாலு நாள். வழியெல்லாம் நான் வாந்தி எடுப்பேன். பிறகு நாங்கள் குடியேறிய தெற்கு அந்தமானில், பெரார்கஞ்ச் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை எனக்கு. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தேதிக்கு லீவு கெஞ்சுவேன். அலுத்துவிட்டது. பிள்ளையை நினைத்து அழக்கூடத் தெம்பில்லாமல் போன அலுப்பு.

போன மே மாதம் அவர் நெஞ்சுவலி என்று படுத்து எழுந்திருந்தார். கப்பல் பயணமே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இவர் கேட்டால்தானே? நான் லீவு கேட்கப் போனபோது, என் முகத்தைப் பார்த்து விசாரித்த சயின்ஸ் டீச்சர் சுகுணாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் போனில் கணக்குப் போட்டாள். மறுபடியும் போட்டாள்.

"அக்கா, அண்ணன் ஆயிரத்துல ஒரு பங்குன்னு வச்சிருக்காரு. மைக்ரோன்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ரப்பர் தோட்டத்தில் மரப்பட்டையை எத்தனை மில்லிமீட்டர் சீவலாம் என்று மேஸ்திரி அளந்து பார்ப்பார். ஒரு மில்லி கூடினால் ஏச்சு. அவர் வாழ்க்கையில் மில்லியைவிடச் சின்னது எதுவும் கிடையாது. மைக்ரோவையும் அதுவென்றே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. இனி ஆளை நிறுத்திவிடலாம். பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன். உயிரைக் காப்பாற்றப் போய், அவரிடம் இருக்கிற இருபது செகண்டையும் நானே பிடுங்கப் போகிறேன்.

அவர் பையில் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். ஒரு செகண்ட் சேர ஆயிரத்து இருபத்தோரு வருஷம் ஆகும் என்பதையும் சொன்னேன்.

"என் ஹிசாப் தப்பா? கணக்கே தப்பா?" என்றார். நான் தலையாட்டினேன்.

நோட்டை எடுத்து, பக்கத்தில் மூன்று சைபர் சேர்த்துத் தானே போட்டுப் பார்த்தார். வெகுநேரம் போட்டார்.

"அப்ப இந்த இருபது வருஷத்துல எவ்வளவுதான் வந்திருக்கு?"

"ஒரு செகண்டுல அம்பதுல ஒரு பங்குங்க."

வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு அதை மெல்ல மூடிக்கொண்டார். "ஒண்ணுகூட வரலையா," என்றார். பையிலிருந்து வேட்டியை எடுத்துக் கொடியில் போட்டார். நோட்டில் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார். அடுத்த நினைவு நாள்: 3026 ஆகஸ்ட்.

"அதுவரைக்கும் உனக்கு லீவு, மரகதம். ரொம்ப அலைய விட்டுட்டேன்."

இருபது வருஷமாக நான் கேட்ட லீவு. கையில் நோட்டோடு நின்றேன். பானு போனதிலிருந்து அவளைப் பார்க்கப் போக எனக்கென்று ஒரு நாள் இருந்தது. இனி அது இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"என் கப்பல் டிக்கெட்டைக் கிழிச்சிடாதீங்க," என்றேன். "நான் மட்டும் போயிட்டு வந்துடறேன்."