ஐந்தாவது விரல்

இறங்கி வருவதெல்லாம் எப்போதும் அக்காவின் வேலை. தம்பியின் பியானோ இம்மியும் அசையாது. அவளுடைய கோராதான் அதற்குத் தக்கபடி சுருதி மாற வேண்டும். பெரிய சுரைக்குடுக்கையில் பாதியைத் தோலால் மூடி, நீளக் கழுத்தில் இருபத்தொரு நரம்பு கட்டிய மேற்கு ஆப்பிரிக்க வாத்தியம் அது. அப்பா அவளுக்குக் கொடுத்தது. அப்பாவின் பாட்டுகள் அப்பாவின் சுருதியில்தான் நிற்கும். இருந்தும் மாற்றினாள். அக்காவும் தம்பியும் சேர்ந்து ஓர் ஆல்பம் என்பது சின்ன வயதிலிருந்து பேசிப் பேசித் தேய்ந்த ஆசை.

பதிவின் முதல் நாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பி சொன்னான்:

"மைக் சரி பார்க்கணும்க்கா. ஒவ்வொரு நரம்பா தனித்தனியா வாசி. முதல்ல மெதுவா, அப்புறம் அழுத்தி."

"பாட்டு எப்படா?"

"அவசரப்படாதே. ஆல்பமே உனக்காகத்தானே!"

அன்று முழுக்க ஒற்றை ஒற்றையாக மீட்டினாள். விரல் நுனி கன்றிப்போனது. அதைக்கூடப் பெருமையாக ஊதிக்கொண்டாள், பைத்தியக்காரி.

கூப்பிடுகிறேன் என்றவன் கூப்பிடவில்லை. எந்த நேரமும் கூப்பிடலாம் என்று கோராவைப் பியானோவின் சுருதியிலேயே வைத்திருந்தாள். மாதக்கணக்கில் அப்பாவின் பாட்டு ஒன்றைக்கூடத் தொடவில்லை.

ஒருவழியாக அழைப்பு வந்தது. கோராவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஸ்டூடியோவில் ஒரு மைக்கும் நிறுத்தியிருக்கவில்லை. ஆல்பத்துக்காக செலோ என்ற பெரிய வயலினை வாசித்த செலோக்காரி மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம் முடிஞ்சிடுச்சுக்கா. உட்காரு, கேளு."

செலோவும் பியானோவும் தொடங்கின. நடுவில் கோரா வந்தது. அவளுடையதேதான், அடி நரம்பின் அந்த லேசான கரகரப்பு வேறு எதற்கும் கிடையாது. எப்போது வாசித்தோம் என்று ஒரு கணம் குழம்பினாள். அடுத்த வரியில் ஐந்து நரம்புகள் ஒன்றாக ஒலித்தன.

கோராவை மீட்டுவது நாலே விரல்கள். இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல். மற்றவை கைப்பிடியைப் பற்றியிருக்கும். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"இதை யாருடா வாசிச்சது?"

"நான்தான், கீபோர்டுல. மைக் பார்க்கறப்போ நீ வாசிச்ச ஒவ்வொரு நரம்புச் சத்தத்தையும் அதோட ஒவ்வொரு கட்டையிலயும் ஏத்திட்டேன். நீ சுருதி சேர்க்கவே அரை நாள் ஆக்குவே. சத்தம் உன்னோடதுதானேக்கா, பேரும் போட்டிருக்கேன்."

செலோக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வெளியாள் செய்திருந்தால் அக்கா சட்டையைப் பிடித்திருப்பாள். கூடப்பிறந்தவன் சிரித்த முகமாக நின்று கழுத்தறுத்தால் என்ன செய்வது?

"வெளியீட்டு விழாவுக்கு நீ மேடையில இருக்கணும். கோராவை மடியில வச்சுட்டு விரலை அசைச்சாலே போதும். சத்தத்தை நான் பார்த்துக்கறேன்."

அவள் கோராவின் உறையைப் பிரித்தாள். கழுத்திலிருந்த தோல் வளையங்களை ஒவ்வொன்றாகத் திருகி, நரம்புகளை அப்பாவின் சுருதிக்குக் கொண்டுவரத் தொடங்கினாள்.

தம்பி பதறினான். "அக்கா, கலைக்காதே! மேடையில பியானோவோட ஒட்டாது!"

அவள் நிமிரவில்லை.

"சும்மா மடியில வச்சிருக்கறதுக்கு எந்தச் சுருதியா இருந்தா என்னடா?"