வளையம் எந்தப் பக்கம்

ஆற்றுக்கு இக்கரை ஒரு நாடு, அக்கரை வேறு நாடு. புலிக்கு அந்த வித்தியாசம் கிடையாது. அதனால் இரண்டு வனத்துறைகளும் ஒப்பந்தம் போட்டு, கானகக் கேமராக்களின் படங்களைப் பகிர்ந்துவந்தன. வேட்டைக்காரர் காதுக்குப் போய்விடாமல் இருக்கக் கண்டிப்பான விதி ஒன்று: புலி குட்டி போட்ட குகை இருக்கும் இடத்தை வரைபடத்தில் பத்து கிலோமீட்டர் கட்டமாகச் சொல்லலாம், சரியான புள்ளியைச் சொல்லக் கூடாது.

படங்களை ஒப்பிட்டுப் புலிகளை அடையாளம் காண்பது இக்கரை அலுவலகத்தில் அவள் வேலை. அக்கரையில் 'கம்மல்' குட்டி போட்டிருந்த குகையைப் படங்களை வைத்துக் கண்டுபிடித்தவள், போன வாரம் அவசரத்தில் அதன் புள்ளியையே அக்கரை அலுவலகத்துக்கு மெயிலில் அனுப்பிவிட்டாள். இடது விலாவில் கம்மல் போல வளையக் கோடு உள்ள பெண்புலி அது. அனுப்பியதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

இன்று காலை அக்கரை அதிகாரியிடமிருந்து ஒரு படம் வந்தது. சோதனைச் சாவடியில் பிடிபட்ட புலித்தோலைச் சுவரில் விரித்து மாட்டி, அதன் முன்னால் நின்று காவலர் ஒருவர் தானே எடுத்துக்கொண்ட படம். 'உங்களுக்குத் தெரிந்த புலியா?'

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வளையம் இருந்தது. ஆனால் வலது விலாவில்.

"கம்மல் இல்லண்ணே," என்றாள் ஜீப் ஓட்டுநரிடம். "அதுக்கு இடது பக்கம்."

"அப்பாடா! நீ முழிச்ச முழியப் பாத்தா புலியே ஓடியிருக்கும்," என்று அவர் டீயை நீட்டினார்.

வாங்கப்போன கை பாதியில் நின்றது. காவலரின் தொப்பியில் எழுத்துகள் இடம் வலம் மாறிக் கிடந்தன. செல்ஃபி. கண்ணாடியில் தெரிவது போல எல்லாமே மாறியிருந்தது. படத்தைத் திருப்பினாள். வளையம் இடது விலாவில் வந்து உட்கார்ந்தது.

இக்கரையிலிருந்து யாரும் அக்கரை போக அனுமதி வர மூன்று நாளாகும். தாயில்லாத குட்டிகள் அதுவரை தாங்காது. அக்கரை அதிகாரியின் எண்ணை அழுத்தினாள்.

"சார், அது கம்மல்தான். குகையில ரெண்டு குட்டி இருக்கு. அந்த இடத்த நான்தான் புள்ளியோட மெயில்ல போட்டுட்டேன். என் தப்பு."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "அந்த மெயில் இங்க பதினேழு பேருக்கு வந்துச்சும்மா. அதுல எவனோதான் வித்திருக்கான். குட்டிகளத் தூக்கிட்டு வர யாரை அனுப்பச் சொல்ற?"

"நீங்களே போங்க சார். யார்கிட்டயும் சொல்லாம."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அந்தப் பதினேழுல நானும் ஒருத்தன்மா."

ஓட்டுநர் டீயைப் பிடித்தபடியே நின்றார்.

"தெரியும் சார்," என்றாள். "கிளம்புங்க."