பஞ்சவர்ணத்தின் விளிம்பு

பஞ்சவர்ணத்தின் இடது மார்பிலிருந்து எடுத்த கட்டி, தனியாக லேபுக்குப் போக மறுத்துவிட்டது. மற்றவர்களின் கட்டிகள் தாமாகவே போய்விடுமாம். இது கொஞ்சம் கூச்ச சுபாவம் என்றார் நர்ஸ். அதனால் கெட்டுப்போகாமலிருக்க ஃபார்மலின் ஊற்றிய டப்பாவில் போட்டு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்ற சவுந்திரபாண்டியின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அவன் பஞ்சவர்ணத்தின் கணவன். மதுரையில் ஃபேன் ரிப்பேர்க் கடை வைத்திருந்தான். ஓர் இடத்தில் நிற்க மாட்டான். காலையிலிருந்து வாசலுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்ததில் தரை பள்ளமாகிவிட்டது. யாரோ அதில் தண்ணீர் ஊற்றித் துணி அலசிக்கொண்டிருந்தார்கள்.

லேப் எதிர்ச் சாரியில் இருந்தது. நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் சாலை அகலமானது. தலையைக் குனிந்துகொண்டே கடந்தான்.

லேபில் காத்திருக்கும் அறைக்கு விளக்கு கிடையாது. ஜன்னலில் ஓர் எக்ஸ்ரே படம் ஒட்டியிருந்தது. முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பு. அதன் ஒரு பக்கம் வீங்கி, அங்கிருந்து சூரியன் கிளம்புவதுபோல் நாலா பக்கமும் கதிர்கள். அந்த வெளிச்சத்தில்தான் எல்லோரும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

படம் வீரணன் மகளுடையது. வீரணன் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். மகள் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடுகிறவள். அவள் எலும்பில் ஒரு துண்டை எடுத்து அமிலத்தில் ஊறப்போட்டிருந்தார்கள். இளகாமல் கத்தி இறங்காது. எலும்புக்குத் துணையாக ஆள் இருக்க வேண்டும் என்று அவரை உட்காரவைத்திருந்தார்கள். இப்போது அவர் நாற்காலியில் ஈரத் துண்டு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தார்.

“அது எளகுறதுக்கு முன்னாடி நான் எளகிட்டேன் தம்பி,” என்றார்.

சவுந்திரபாண்டி அவரைத் தூக்கி நிமிர்த்திவைத்தான். அவர் மறுபடியும் வழிந்தார்.

உள்ளே டாக்டர் தாட்சாயிணி டப்பாவைத் திறந்து கட்டியை வெளியே எடுத்தார். அதன் மேலெல்லாம் நீல மை தடவி, நடுவில் வெட்டினார். காய்வெட்டான பேரிக்காயை நறுக்குவதுபோல் நறநறவென்றது. சவுந்திரபாண்டிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. டாக்டர் ஒரு சீவலை மெழுகில் பதித்து, கண்ணாடியில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

கட்டியைச் சுற்றி ஓரமாக நல்ல சதை இருந்தால் முழுசும் வந்துவிட்டது என்று அர்த்தம். இதில் அப்படி இல்லை. கட்டி மை தடவிய விளிம்புவரை போய் நிற்கிறது. அதற்கு அடுத்து இருந்ததைக் கொண்டுவர வேண்டும். இதையெல்லாம் அவர் பொறுமையாகச் சொன்னார்.

அவன் ஓடிப்போய் சர்ஜனைக் கேட்டான். பஞ்சவர்ணம் எதுவரை இருந்தாளோ அதுவரை வெட்டியாகிவிட்டது என்றார் சர்ஜன். அதற்கு வெளியே இருப்பது அவருடைய டிபார்ட்மென்டில் வராதாம்.

அதற்கு அடுத்து இருந்தது ரவிக்கை. வீட்டுக்குப் போய் எடுத்துவந்தான். டாக்டர் அதில் மை தடவி, சீவி, மெழுகில் பதித்துப் பார்த்தார். அதிலும் கட்டி இருந்தது. விளிம்புவரை இருந்தது.

அவள் அணைத்துப் படுக்கும் தலையணையைக் கொண்டுவந்தான். அதிலும் இருந்தது.

பால் பொங்கும்வரை அவள் இடது பக்கமாகச் சாய்ந்து நிற்பது அடுப்படிக் கதவில். ஆணிகளைக் கழற்றி, கதவைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு வந்தான். சாலை மேலும் அகலமாகியிருந்தது. கதவு மறைத்ததால் அவனுக்குத் தெரியவில்லை.

அவன் வந்தபோது வீரணனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எலும்பு இளகிவிட்டது. அவரால் எழுந்து போக முடியவில்லை. சவுந்திரபாண்டி கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவரைத் தோளில் போட்டு உள்ளே கொண்டுபோய் விட்டான். கனமே இல்லை.

வெளியே வரும்போது வீரணன் தானாக நடந்து வந்தார். உடம்பு கம்பிபோல் விறைத்திருந்தது. முழங்கால் மடங்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் ஜன்னலுக்குப் போய் மகளின் படத்தைப் பிய்க்காமல் மெல்ல உரித்து எடுத்தார். அறை இருட்டிப்போனது. எல்லோரும் பேப்பரை மடித்துவைத்தார்கள்.

“புள்ள முழிச்சிருக்கும்,” என்று சொல்லிவிட்டு வீரணன் போனார்.

டாக்டரின் அறையில் மைக்ராஸ்கோப்பின் சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. கதவிலும் இருந்தது. இந்த முறை டாக்டர் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தார்.

“இதுக்கு அடுத்து என்ன சார்?” என்று கேட்டார்.

சவுந்திரபாண்டிக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து பஞ்சவர்ணம் தூங்குவது அவன் முதுகில் ஒட்டிக்கொண்டுதான். கதவுக்கு அடுத்து அடுப்பு என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாம். கால்கள் தயாராகத்தான் இருந்தன. வாசலுக்குப் பாதி தூரம் போகவும் செய்தன. அவன் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

“அடுத்து நாந்தான் டாக்டர்,” என்றான்.

டாக்டருக்கு ஆச்சரியமில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னார். கட்டிகளை வெட்டும் மேஜையில் அவனைக் குப்புறப் படுக்கவைத்தார். மேஜை ஜில்லென்றிருந்தது. முதுகின் நடுவே மேலிருந்து கீழாக மையால் கோடு இழுத்தார். இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் உங்கள் மனைவி என்று வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்றார். கத்தியைத் துடைத்தார். அவன் கட்டைவிரலை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அப்போது பஞ்சவர்ணம் வந்தாள். ஆஸ்பத்திரி அங்கி. ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டிலைத் தானே தூக்கிப் பிடித்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கண் விழித்துப் பார்த்தால் வார்டில் ஆளைக் காணோம் என்றும், ஒரு வாய் காப்பி வாங்கிக் கொடுக்க நாதியில்லை என்றும் டாக்டரிடம் குறைப்பட்டாள். டாக்டர் நடந்ததைச் சொன்னார். யார் எங்கே முடிகிறார் என்று தெரியாமல் வெட்ட முடியவில்லை என்றார்.

பஞ்சவர்ணம் குனிந்து முதுகைப் பார்த்தாள்.

“கோடு தப்பா இருக்கு டாக்டர். நான் இங்கவரைக்கும் இருக்கேன்,” என்றாள். அவள் விரல் முதுகைக் கடந்து, விலாவைக் கடந்து, அவன் வலது கை நுனிக்குப் போய் நின்றது. “இவரு இங்கிட்டு, என் கழுத்துவரைக்கும் வருவாரு.”

டாக்டர் பஞ்சை நனைத்துக் கோட்டை அழித்தார்.

“தள்ளிப் படுங்க,” என்றாள் பஞ்சவர்ணம். சவுந்திரபாண்டி ஒருக்களித்துத் தள்ளிப் படுத்தான். அவள் பாட்டிலை மேலே கொக்கியில் மாட்டிவிட்டு, கட்டுப்போட்ட மார்பை அவன் முதுகில் அணைத்துப் படுத்தாள். டாக்டர் இரண்டு பேரையும் சேர்த்துச் சுற்றி ஒரே கோடாகப் போட்டார். மை தீர்ந்து புதுப் புட்டி திறக்க வேண்டியிருந்தது. பிறகு ஓரத்தில் மிக மெல்லிசாக ஒரு சீவல் எடுத்தார். அது யாருடையது என்று இருவருக்கும் தெரியவில்லை. இருவருக்கும் வலித்தது.

டாக்டர் நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

“ஓரம் சுத்தமா இருக்கு,” என்றார் கடைசியில். “மை காயல. எந்திரிச்சா சேந்து எந்திரிங்க. இல்லேன்னா கலைஞ்சிரும்.”

சவுந்திரபாண்டி உடனே ஒரு காலைக் கீழே வைத்தான்.

“இருங்க. தையல் இழுக்குது,” என்றாள் பஞ்சவர்ணம்.

அவன் இருந்தான்.