எரிந்துகொண்டிருந்த பெட்ரோல் விளக்கு

குடல்வால் வீங்கி நான் துடித்த அன்று, சூறைக்காற்றில் மின்சாரம் போய் எங்கள் ஊர் பெட்ரோல் பங்க் மூடிக் கிடந்தது. ஸ்டோயங்கா அண்ணியின் காரிலோ பெட்ரோல் தீரப்போகிறது என்று விளக்கு எரிந்தது. ஸ்மோலியன் நகர ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம்.

அண்ணி பதறவில்லை. கார்க் கூரைமேல் இருந்த கம்பிச் சட்டத்தைக் கழற்றினார், உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்கினார், தொய்ந்திருந்த டயர்களுக்குக் காற்றடித்தார். பிறகுதான் கிளம்பினார்.

“வேகமா போங்க அண்ணி, செத்துருவேன்.”

“மிதிச்சா பாதி வழியில நின்னுடும் தம்பி. அப்புறம் உன்னை யாரு தூக்குறது, உங்கண்ணனா? அவருக்கு அவரு தொப்பையே பாரம்.”

வலியிலும் சிரிப்பு வந்தது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை ஒரே சீராக மிதித்தார். வளைவு வருமுன்பே காலை எடுத்துவிட்டதால் பிரேக்குக்கு அதிகம் வேலை இல்லை. இறக்கம் முழுக்க மிதிக்காமல் கியரிலேயே உருளவிட்டார். அவசரம் எனக்குத்தான் இருந்தது. அவர் கைகளில் இல்லை.

அறுவை முடிந்து நான் கண் விழித்தபோது, அண்ணி ஸ்மோலியன் பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்பியிருந்தார்.

“அதுவரைக்கும் ஓடுச்சா?”

“ஓடுச்சே. உன்னை இறக்கிவிட்டதும் பாரம் இன்னும் குறைஞ்சுதுல்ல.”

அப்படிக் கார் ஓட்டும் இன்னொருவரை நான் பார்த்ததில்லை.